இருசாராரும் கண்ணீர் வடித்த கோல் காப்பாளர் ஜான் தாம்சன்

விளையாட்டு மக்களை ஒன்று சேர்க்கும் என்பது நாம் பலகாலும் கேட்டு வரும் சொல். ஆனால் அதே விளையாட்டு மக்களைப் பிரித்து நிறுத்திய ஊர்களும் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம் அவற்றுள் ஒன்று. அந்நகரில் சமயத்தின் பேரால் இரு கூறாகப் பிரிந்து நின்ற மக்கள், இருபத்திரண்டு வயதே நிரம்பிய ஓர் இளைஞரின் மறைவால் ஒரே துயரில் மூழ்கினர். அவ்விளைஞர் ஜான் தாம்சன் என்னும் கால்பந்து வீரர். ஏறத்தாழ ஐந்தாண்டுகளே நீடித்தது அவருடைய ஆட்ட வாழ்வு. ஆயினும் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அவர் பெயரை அந்நாட்டு மக்கள் மறந்திலர். அவர் வாழ்வையும் மறைவையும், அம்மறைவின் நிழலில் எஞ்சிய நாளெல்லாம் துன்புற்ற மற்றோர் இளைஞரின் நிலையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ஜான் தாம்சன் 1909ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கீழைக்கரைப் பகுதியான ஃபைஃப் மாவட்டத்தில், கிர்க்கால்டி என்னும் ஊரில் பிறந்தார். அவர் வளர்ந்தது அருகிலுள்ள கார்டென்டன் என்னும் சுரங்கச் சிற்றூரில். அவ்வூரார்க்கு நிலக்கரியே சோறிட்ட தொழில். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. குடும்பத்தார் சீர்திருத்தக் கிறித்தவ நெறியைச் சார்ந்தவர்கள். இறைப்பற்றும் எளிமையும் மிக்கவர்கள். ஜான் தம் வாழ்நாள் முழுவதும் அந்நெறியினின்றும் வழுவாதவராகவே வாழ்ந்தார்.

பள்ளியில் பயின்ற நாளிலேயே பந்தைப் பற்றுவதில் அவர் வல்லவராக விளங்கினார். எனினும் வீட்டு நிலை அவரைப் படிப்பில் நீடிக்க விடவில்லை. பதினான்கு வயதில் தந்தையாரோடு போஹில் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கரி ஏற்றிச் செல்லும் வண்டிகளின் சங்கிலிக் கொக்கிகளைக் கழற்றிவிடுவது அவருக்கு இடப்பட்ட பணி. கணநேரம் கண் அயர்ந்தாலும் கையை இழக்க நேரும் தொழில் அது. விரைந்து இயங்கும் விரல்களும் சிதறாத கருத்தும் அவருக்கு அங்கேயே வாய்த்திருக்கக்கூடும் என எண்ண இடமுண்டு. பகலில் நிலத்தின் அடியில் உழைத்து, மாலையிலும் ஓய்வு நாளிலும் ஊர் அணிகளில் ஆடினார். பின்னர் வெல்லஸ்லி ஜூனியர்ஸ் என்னும் அணியின் கோல் காப்பாளரானார்.

செல்டிக் கழகத்தில் சேர்தல்

1926ஆம் ஆண்டு பிரிட்டன் முழுவதும் சுரங்கத் தொழிலாளர்கள் கதவடைப்புக்கு ஆளாகிப் பல மாதங்கள் கூலியின்றி வாடிய ஆண்டு. அவ்வாண்டில்தான் பதினேழு வயது ஜானுக்கு வாழ்வு திசை திரும்பியது. கிளாஸ்கோவின் புகழ்பெற்ற செல்டிக் கழகத்திற்காக ஊர்தோறும் சென்று ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து வந்தவர் ஸ்டீவ் காலகன் என்பவர். அவர் ஒருநாள் வெல்லஸ்லி அணியின் ஆட்டத்தைக் காண வந்தார். அவர் காண விரும்பி வந்தது எதிரணியின் கோல் காப்பாளரை. ஆனால் ஆட்டம் முடிவதற்குள் அவர் கருத்து மாறிவிட்டது. மறுமுனையில் நின்ற மெலிந்த உடலினரான ஜானே அவர் உள்ளத்தைக் கவர்ந்தார். வெறும் பத்துப் பவுன் தொகைக்கு ஜான் செல்டிக் கழகத்தின் வீரரானார்.

தாயாருக்கு இது மகிழ்ச்சி தரவில்லை. மகனுக்கு ஆடுகளத்தில் ஏதேனும் கேடு நேரும் என்னும் அச்சம் அவர் நெஞ்சில் குடிகொண்டிருந்தது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

இவ்விடத்தில் செல்டிக் கழகத்தின் தோற்றத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். அயர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தாலும் வறுமையாலும் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வந்து குடியேறிய கத்தோலிக்க ஏழைகள் பெருந்தொகையினர். அவர்தம் குழந்தைகளின் பசி போக்க நிதி திரட்டும் நோக்கத்தோடு, பிரதர் வால்ஃபிரிட் என்னும் அயர்லாந்துத் துறவி 1887ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியதே அக்கழகம். அதற்கு முன்னரே 1872இல் தோன்றி, காலப்போக்கில் நகரின் புராட்டஸ்டண்டு மக்களின் அடையாளமாக ஆகிவிட்டது ரேஞ்சர்ஸ் கழகம். இவ்விரு கழகங்களும் மோதும் நாளில் ஆட்டத்தோடு சமயமும், குலமும், பிழைப்புக்கான போட்டியும் சேர்ந்தே மோதின. ரேஞ்சர்ஸ் கழகத்தில் கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்னும் எழுதாச் சட்டம் நெடுங்காலம் நிலவியது. 1989இல்தான் அது வெளிப்படையாக முறிந்தது. செல்டிக் கழகமோ தொடக்கக் காலந்தொட்டே பிற சமயத்தாரையும் தன் அணியில் ஏற்று வந்தது. 1936இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கழக வீரர் முகமது சலீம், காலணி அணியாது துணிக்கட்டுச் சுற்றிய கால்களோடு செல்டிக் அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடி ஸ்காட்லாந்து மக்களை வியக்க வைத்ததும் இக்கழகத்தில்தான். அவருக்குப் பத்தாண்டுகள் முன்னதாக, புராட்டஸ்டண்டு இளைஞரான ஜான் தாம்சன் அதே கழகத்தின் வாயிலில் நுழைந்தார்.

புகழின் ஏற்றம்

1927ஆம் ஆண்டு பிப்ரவரியில், பதினெட்டு வயதில், டண்டீ அணிக்கு எதிராக ஜான் தம் முதல் ஆட்டத்தை ஆடினார். செல்டிக் 2–1 என வென்றது. அதன்பின் அவ்விடத்தை அவரிடமிருந்து எவராலும் பெற இயலவில்லை. இரண்டு திங்கள் கழித்து நடந்த ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் செல்டிக் அணி ஈஸ்ட் ஃபைஃப் அணியை 3–1 என வென்றது. எதிரணி ஜானின் சொந்த மாவட்டத்து அணி என்பது குறிப்பிடத்தக்கது. சில திங்கள்களுக்கு முன்வரை சுரங்கச் சிற்றூர்ச் சிறுவராக இருந்தவர் கழுத்தில் நாட்டின் பெருமைமிகு பதக்கம் ஏறியது.

கோல் காப்பாளர் பணி அக்காலத்தில் எத்துணைக் கடுமையானது என்பதை இக்கால இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பந்து தடித்த தோலால் ஆனது. நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டது. மழையில் நனைந்தால் கல்லைப் போல் கனக்கும். எதிரணி வீரர் கோல் காப்பாளரைத் தோளால் இடித்துத் தள்ளவும் விதி இடம் தந்தது. காயமுற்றவருக்கு மாற்றாக வேறொருவரை இறக்கும் வழக்கமும் அன்று இல்லை. எதிரணி வீரர் தடுப்பாரின்றிப் பந்தோடு நெருங்கி வரும்போது கோல் காப்பாளர் கம்பத்தடியிலேயே நின்றால் இரு பக்கமும் வழி திறந்து கிடக்கும். முன்னேறிச் சென்றால் வழி குறுகும். பந்து காலினின்றும் நீங்கும் கணத்தில் அக்காலடியிலேயே பாய்ந்தால் மட்டுமே வழி அடைபடும். இக்கலையில் ஜான் தன்னிகரற்றவராகத் திகழ்ந்தார். பேருருவம் அவருக்கு இல்லை. துள்ளலும், அஞ்சாமையும், நொடிப்பொழுதில் முடிவெடுக்கும் ஆற்றலுமே அவருடைய படைக்கலங்கள். உயரப் பாய்ந்து பந்தை மலரைப் பறிப்பதுபோல் மென்மையாகப் பற்றுவதைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டு வந்தனர்.

அவ்வஞ்சாமைக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. 1930ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏர்ட்ரி அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு முன்னணி வீரரின் காலடியில் பாய்ந்தபோது அவருடைய தாடை முறிந்தது. விலா எலும்புகள் முறிந்தன. கழுத்துப் பட்டை எலும்பு ஊறுபட்டது. இரண்டு பற்கள் வீழ்ந்தன. ஆட்டத்தை விட்டுவிடுமாறு தாயார் வேண்டினார். உடல் தேறியதும் ஜான் மீண்டும் கம்பத்தடிக்கே திரும்பினார்.

அவ்வாண்டு மே திங்களில் பாரிசு நகரில் பிரான்சு அணிக்கு எதிராக ஸ்காட்லாந்து நாட்டு அணியின் கோல் காப்பாளராக முதன்முறை நின்றார். நாட்டுக்காக அவர் ஆடியவை நான்கு ஆட்டங்கள். பிரான்சு, வேல்ஸ், வட அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நான்கு அணிகளுக்கும் எதிராக அவர் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு கோல். 1931 மார்ச்சு இறுதியில் ஹாம்டன் பார்க் திடலில் இங்கிலாந்தை 2–0 என ஸ்காட்லாந்து வென்றபோது அவர் புகழ் உச்சியை எட்டியது. அடுத்த திங்களில் மதர்வெல் அணியை மறு ஆட்டத்தில் 4–2 என வீழ்த்திச் செல்டிக் மீண்டும் ஸ்காட்டிஷ் கோப்பையைக் கைப்பற்றியது. கோடையில் கழகத்தோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் சென்று வந்தார். கழகத்திற்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 180க்கும் மேற்பட்டவை. திருமணமும் நிச்சயமாகியிருந்தது. நாடு போற்றும் நிலையில் நின்ற அவ்விளைஞர் எதிரணியினரிடத்தும் இனிமையாகப் பழகுபவராய், களத்தில் சினம் கொள்ளாதவராய் விளங்கினார்.

1931 செப்டம்பர் 5

அன்று சனிக்கிழமை. ரேஞ்சர்ஸ் கழகத்தின் ஐப்ராக்ஸ் ஆடுகளத்தில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் குழுமியிருந்தனர். முதற்பாதியில் இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. ரேஞ்சர்ஸ் அணியின் முன்னணி வீரர் சாம் இங்லிஷ் தடுப்பாரின்றிப் பந்தோடு கோல் பகுதியை நோக்கி விரைந்தார். இவர் பெயர்தான் இங்லிஷ். பிறந்தது அயர்லாந்தின் வடபகுதியில். வயது இருபத்து மூன்று. கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றியவர். அவ்வாண்டு கோடையில்தான் ரேஞ்சர்ஸ் கழகத்தில் சேர்ந்திருந்தார்.

இங்லிஷ் பந்தை உதைக்கும் கணத்தில் ஜான் அவர் காலடியில் பாய்ந்தார். பந்து கம்பத்தைக் கடந்து வெளியே சென்றது. கோல் காக்கப்பட்டது. ஆனால் இங்லிஷின் முழங்கால் ஜானின் தலையில் மோதிவிட்டது. ஜான் அசைவற்றுக் கிடந்தார்.

நிலைமையின் கொடுமையை முதலில் உணர்ந்தவர் இங்லிஷ்தாம். தாமும் அடிபட்டு நொண்டியபடியே எழுந்து, உதவிக்கு வருமாறு கைகாட்டினார். தொலைவில் நின்ற ரேஞ்சர்ஸ் ஆதரவாளர் சிலர் நேர்ந்தது இன்னதென அறியாது ஆரவாரித்தனர். ஏளனக் குரல் எழுப்பினர். அப்போது ரேஞ்சர்ஸ் அணித்தலைவர் டேவி மீக்கிள்ஜான் தம் கழகத்தாரை நோக்கிச் சென்று இரு கைகளையும் உயர்த்தினார். ஆரவாரம் அடங்கியது. பல்லாயிரவர் நிறைந்த அத்திடலில் பேரமைதி நிலவியது. அவ்வமைதியினூடே ஒரு பெண்ணின் அலறல் மட்டும் கேட்டது. பார்வையாளர் பகுதியில் அமர்ந்திருந்த, ஜானுக்கு மனைவியாக வரவிருந்த பெண்ணின் குரலே அது என்று கருதப்படுகிறது.

ஜானைத் தூக்குக் கட்டிலில் கிடத்தி வெளியே கொண்டு சென்றனர். செல்டிக் அணியின் சிக் கீட்டன்ஸ் கோல் காப்பாளர் உடையை அணிந்து நின்றார். எஞ்சியோர் மனம் ஒன்றாமல் ஆடி முடித்தனர்; இருபுறமும் கோல் விழவில்லை. விக்டோரியா மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஜானின் மண்டையோடு வலப்பொட்டருகே உள்வாங்கி முறிந்திருந்தது. மூளையின் மீதான அழுத்தத்தைக் குறைக்க அறுவை மருத்துவம் செய்தும் பயனில்லை. அன்றிரவு 9.25 மணிக்கு ஜான் தாம்சன் உயிர் நீத்தார்.

இறுதிப் பயணம்

செய்தி பரவியதும் கிளாஸ்கோ நகரம் துயரில் ஆழ்ந்தது. நகரில் நடைபெற்ற நினைவு வழிபாட்டில் இடம் கொள்ளாத அளவு மக்கள் திரண்டனர். அவ்வழிபாட்டில் திருமறைப் பகுதியைப் படித்தவர் ரேஞ்சர்ஸ் தலைவர் மீக்கிள்ஜான் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. ஜானின் உடலைப் பின்தொடர்ந்து ஊருக்குச் செல்வோரை வழியனுப்ப குயின் ஸ்ட்ரீட் தொடர்வண்டி நிலையத்தில் மட்டும் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கூடினர்.

உலகப் பொருளாதார வீழ்ச்சியால் வேலையற்றோர் பெருகியிருந்த காலம் அது. தொடர்வண்டிக் கட்டணம் செலுத்தப் பொருளற்ற பலர் கிளாஸ்கோவிலிருந்து கார்டென்டன் வரை 55 மைல் தொலைவைக் கால்நடையாகவே கடந்தனர். ஊர்ப்புறக் குன்றுகளில் இரவைக் கழித்தனர். செப்டம்பர் 9ஆம் நாள் அச்சிற்றூரில் முப்பதாயிரவர் திரண்டனர் என்பர். செல்டிக் வீரர்கள் பேழையைத் தோள்மேல் சுமந்து செல்ல, போஹில் கல்லறைத் தோட்டத்தில் ஜான் அடக்கம் செய்யப்பட்டார். சென்றோருள் செல்டிக் ஆதரவாளரும் இருந்தனர். ரேஞ்சர்ஸ் ஆதரவாளரும் இருந்தனர். கத்தோலிக்கர் பெரிதும் போற்றிய கழகத்தின் வீரர் ஒருவர், தம் சீர்திருத்த நெறிச் சடங்குகளோடு மண்ணில் வைக்கப்பட்டார். அதை இருசாராரும் தலைகவிழ்ந்து நின்று கண்டனர். வாழ்நாளில் ஆட்டத்தால் செய்ய இயலாததை மறைவால் செய்துவிட்டார் ஜான்.

குற்றமற்றவரின் துயரம்

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் கண்ணீரோடு அமைதி பெறலாம். ஆனால் துயரின் வேகம் தணிந்தபின் மக்களிற் சிலர் பழிசுமத்த ஓர் ஆளைத் தேடினர். அவ்வாண்டு அக்டோபரில் நடைபெற்ற முறையான விசாரணை, நேர்ந்தது விபத்தே எனத் தீர்மானித்தது. படக்காட்சியில் பதிவான நிகழ்வும் அதையே உணர்த்தியது. எனினும் செல்டிக் மேலாளர் வில்லி மேலியின் சாட்சியத்தில் ஒலித்த தயக்கம் ஐயத்திற்கு இடம் தருவதாயிற்று. அது இங்லிஷின் உள்ளத்தைப் புண்படுத்தியது. மகனை இழந்த தாம்சன் குடும்பத்தாரோ அவ்விளைஞர்மீது எவ்விதப் பழியும் சுமத்தவில்லை. தம் இல்லம் தேடி வந்த அவரைக் கனிவோடு ஏற்றனர்.

அப்பருவத்தில் சாம் இங்லிஷ் லீக் ஆட்டங்களில் 44 கோல்கள் அடித்தார். ஒரு பருவத்தில் ரேஞ்சர்ஸ் வீரர் எவரும் அதுகாறும் அடைந்திராத எண்ணிக்கை அது. ஆனால் அவர் சென்ற ஆடுகளங்களிலெல்லாம் எதிரணிப் பார்வையாளர்கள் கொலைகாரன் எனக் கூவி அவரை வதைத்தனர். அதைத் தாங்க இயலாது 1933இல் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்திற்குச் சென்றார். பழிச்சொல் அங்கும் தொடர்ந்தது. பின்னர் வேறு கழகங்களில் ஆடி, முப்பது வயதை எட்டும் முன்னரே 1938இல் விளையாட்டைத் துறந்தார். மீண்டும் கப்பல் தளத்துத் தொழிலாளியாக வாழ்ந்து 1967இல் மறைந்தார். அவர் ஆடிய கடைசி ஏழாண்டுகளும் இன்பமற்றவை.

ஒரே கணத்தில் இரண்டு இளைஞர்களின் வாழ்வு சிதைந்தது. ஒன்று விதியால் நேர்ந்தது. மற்றொன்று மக்கள் நாவால் நேர்ந்தது. முன்னதை எவராலும் தடுத்திருக்க இயலாது. பின்னதை ஒவ்வொருவரும் தடுத்திருக்கலாம்.

நினைவும் படிப்பினையும்

ஜானின் இடத்தை நிரப்பச் செல்டிக் கழகம், அமெரிக்கப் பயணத்தின்போது தன்னை எதிர்த்து ஆடிய கனடா நாட்டவரான ஜோ கென்னவேயை அழைத்துக்கொண்டது. ஆயினும் ஜானின் நினைவு அகலவில்லை. அவரைப் பற்றிய நாட்டுப்பாடல்களைச் செல்டிக் ஆதரவாளர்கள் இன்றும் பாடுகின்றனர். போஹில் கல்லறைக்குப் பயணமாகச் செல்வோர் பலர். 2008ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கால்பந்துப் பெருமக்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. சாம் இங்லிஷுக்கும் காலங்கடந்தேனும் நீதி கிடைத்தது. ரேஞ்சர்ஸ் கழகத்தில் ஒவ்வொரு பருவமும் மிகுதியான கோல்கள் அடிக்கும் வீரருக்கு அவர் பெயரால் அமைந்த கிண்ணம் வழங்கும் வழக்கம் 2009இல் ஏற்பட்டது.

மாணவச் செல்வங்கள் இவ்வரலாற்றினின்றும் பெறத்தக்கவை பல. சுரங்கத்தின் இருளிலிருந்து எழுந்து உழைப்பால் உயர்ந்தது ஒன்று. தம் நெறியில் உறுதியாக நின்றுகொண்டே பிற நெறியினரின் அன்புக்கு உரியவராக வாழ்ந்தது மற்றொன்று. இவற்றினும் மேலாக நினைவில் நிறுத்தத்தக்கவை இரண்டு செயல்கள். தம் கூட்டமே தவறிழைத்தபோது அதனை எதிர்நோக்கிக் கையுயர்த்தி அடக்கிய மீக்கிள்ஜானின் செயல் முதலாவது. மகனைப் பறிகொடுத்த நிலையிலும் குற்றமற்றவர்மீது பழி கூறாத பெற்றோரின் செயல் இரண்டாவது. எதிரியை அடக்குதல் எளிது. தன்னைச் சார்ந்தோரை அடக்குதல் அரிது. வெற்றிக் கோப்பைகளின் எண்ணிக்கை காலப்போக்கில் மறக்கப்படலாம். அந்தச் சனிக்கிழமை மாலை ஐப்ராக்ஸ் திடலில் உயர்ந்த அவ்விரு கைகளை மறத்தல் ஆகாது.